பாரிஸின் பெருமை, பாரிஸின் பார்வை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாரிஸில் வாழும் நம் கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த நகரம் தன் கலையையும் மொழியையும் இவ்வளவு கொண்டாடுகிறதே, வெளியில் இருந்து வந்தவர்களை எப்படி நடத்துகிறது என்று கேட்டு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு பக்கமிருந்தும் கடிதங்கள் வந்தன. இந்த முறை பதில்கள் எல்லாமே அதைப் பற்றித்தான்.

கேள்வி: பாரிஸ் என்றால் கலை, நாகரிகம், மனித உரிமை என்று படித்து வளர்ந்தோம். அங்கே பல வருடமாக இருக்கிற என் மச்சானோ, "ரயில் ஸ்டேசனில் பொலிஸ் மறிப்பது என்றால் கறுப்பரையும் அராபியரையும் நம்மையும்தான்" என்கிறார். எதை நம்புவது?
ஒரு வாசகர், ஆரையம்பதி

பதில்: இரண்டையும் நம்பலாம்.

உங்கள் மச்சான் சொல்வது ஒரு தனி ஆளின் மனக்குறை இல்லை. பிரான்ஸில் மக்கள் முறையிடுவதற்கென்று "உரிமைகளின் காவலர்" என்ற அரச பதவி ஒன்று இருக்கிறது. அந்த அலுவலகம் 2017 இல் வெளியிட்ட ஆய்வில், பார்த்தவுடன் கறுப்பர் என்றோ அராபியர் என்றோ எண்ணப்படுகிற இளைஞர்களைப் பொலிஸ் மறிக்கிற வாய்ப்பு மற்றவர்களைவிட 20 மடங்கு அதிகம் என்று வந்தது. அதற்கு முந்திய வருடமே, 2016 நவம்பரில், ஆளின் தோற்றத்தைப் பார்த்து மறிப்பது அரசு செய்கிற கடுமையான தவறு என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. செக்பொயின்டில் பஸ்ஸை மறித்து, யார் இறங்க வேண்டும், யார் உட்கார்ந்திருக்கலாம் என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் உங்கள் மச்சானின் வயிற்றெரிச்சல் என்னவென்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, பெருமைக்கு வருவோம். பாரிஸின் பெருமை பொய்யில்லை, அது உழைத்துச் சேர்த்த பெருமை. ஆனால் யார் உழைத்தது என்று கேட்டால் பாதிப் பேர் வெளியூர்க்காரர். ஸ்பெயினில் இருந்து வந்த ஓவியர் பிக்காசோவுக்கு 1901 இலேயே பாரிஸ் பொலிஸ் கோப்பு ஒன்று திறந்துவிட்டது, அரசுக்கு எதிரான ஆட்களோடு சேருகிறார் என்று. 1940 இல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார், கொடுக்கவில்லை. அதே நகரத்தில் 1985 இல் மாரே பகுதியில் பழைய மாளிகை ஒன்றை அவருக்கே மியூசியமாக்கித் திறந்து வைத்தார்கள். இன்று அங்கே போகிறவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்ப்பது, உயிரோடு இருக்கும்போது குடியுரிமை மறுக்கப்பட்ட ஒருவரின் கைவேலையை.

நம்மவர் கதை ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸில் பாண் சாதாரண சாமான் இல்லை. மரபு முறைப் பாண் என்று பெயர் போட்டு விற்பதானால் என்ன சேர்க்கலாம், என்ன சேர்க்கக் கூடாது என்று 1993 இல் அரசாணையே போட்டார்கள். 2022 இல் பகெத் என்ற அவர்களின் நீட்டுப் பாண் சுடுகிற கலையை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் ஏற்றினார்கள். பாரிஸ் மாநகர சபை வருடா வருடம் சிறந்த பாணுக்குப் போட்டி வைக்கிறது. வென்றவருக்கு 4,000 யூரோவும், ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்குப் பாண் கொடுக்கிற மரியாதையும். 2023 இல் அதில் முதலாவதாக வந்தவர் இலங்கையில் பிறந்த தமிழர். 2024 இல் ஒலிம்பிக் சுடரை ஏந்தி ஓடினார். கேட்கும்போது நெஞ்சு நிறைகிறது, எனக்கும்தான்.

ஆனால் அந்தப் போட்டி எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பாண்களை நம்பர் போட்டு மேசையில் வைப்பார்கள். நடுவர்கள் மேல்தோல் முறுகலாக இருக்கிறதா, வெட்டினால் உள்ளே பொந்து பொந்தாக இருக்கிறதா, மணம் எப்படி, ருசி எப்படி என்று பார்ப்பார்களே தவிர, சுட்டவரின் பெயரும் முகமும் அவர்களுக்குத் தெரியாது. இதையே வேலை விண்ணப்பத்தோடு வைத்துப் பாருங்கள். அங்குள்ள தொழில் அமைச்சின் ஆய்வுப் பிரிவு, ஒரே தகுதி, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறு என்று ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தது. வட ஆபிரிக்கப் பெயர் போட்டவற்றுக்குப் பதில் வந்தது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக என்று 2021 இல் எழுதினார்கள். பெயர் தெரியாத இடத்தில் நம் ஆள் முதலாவது. பெயர் தெரிகிற இடத்தில் கடிதத்துக்குப் பதில் வருவதே குறைந்துவிடுகிறது. அந்த நகரத்தின் சிக்கல் முழுவதும் எனக்கு இதற்குள்ளேதான் தெரிகிறது.

கேள்வி: பிரான்ஸில் பாடசாலைக்கு அபாயா உடுத்துக்கொண்டு வரக் கூடாது என்று சட்டமாம். சுதந்திரம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நாட்டில் இது என்ன நியாயம்?
ஒரு வாசகி, காத்தான்குடி

பதில்: நியாயமில்லை என்பதுதான் என் எண்ணம், தங்கச்சி. அவர்கள் பக்கத்துக் காரணத்தையும் சொல்லிவிட்டு ஏன் என்று சொல்கிறேன்.

அங்கே பாடசாலைகளைக் கத்தோலிக்கத் திருச்சபையின் பிடியில் இருந்து விடுவிக்க ஒரு நூற்றாண்டு மல்லுக்கட்டினார்கள். அது 1905 இல், மதம் வேறு அரசு வேறு என்ற சட்டமாக முடிந்தது. அந்தச் சட்டம் அரசின் கையைக் கட்டிப் போட்டதே ஒழியப் பிள்ளைகளின் உடுப்பைத் தொடவில்லை. 2004 இல்தான் அரச பாடசாலைகளில் மாணவர்கள் கண்ணுக்கு எடுப்பான மத அடையாளம் அணியக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். சீக்கியப் பிள்ளைகளின் தலைப்பாகையும் அதோடு போனது. 2010 இல் பொது இடத்தில் முகம் மூடுவதற்குத் தடை. 2023 இல் புதுப் பாடசாலை வருடம் தொடங்குகிற நேரத்தில் அபாயாவுக்கும் தடை போட்டார்கள், உயர் நிர்வாக நீதிமன்றமும் சரி என்றுவிட்டது.

இதில் எனக்குப் பொறுக்காத இடம் எதுவென்றால், நீளச் சட்டை எது, அபாயா எது என்று வாசலில் நிற்கிற அதிபர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஒரே கடையில் வாங்கிய அதே நீளச் சட்டையை ஒரு பிள்ளை போட்டால் ஃபேஷன், இன்னொரு பிள்ளை போட்டால் மதம். துணியைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது, பிள்ளையின் பெயரையும் முகத்தையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாங்கள் மதம் பார்ப்பதில்லை என்று எழுதிவைத்த சட்டம் கடைசியில் மதத்தைத்தான் பார்க்கிறது.

பாரிஸ் எப்போதும் இப்படி இருந்த ஊரும் இல்லை. முதலாம் உலகப் போரில் பிரான்ஸுக்காகச் செத்த முஸ்லிம் சிப்பாய்களை நினைத்து, அரசும் மாநகர சபையும் பணம் போட்டு 1926 இல் பெரிய பள்ளிவாசலைத் திறந்தார்கள், நகரத்தின் நடுவில், எல்லோரும் காண.

இதை எழுதும்போது நம் பக்கத்தையும் எழுதாமல் விட மனம் வரவில்லை. 2018 இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானபோது, சேலைதான் உடுக்க வேண்டும் என்று நின்றவர்கள் தமிழர்கள். 2019 ஏப்ரலில் முகம் மூடக் கூடாது என்று அவசரகால விதி வந்தபோது நம்மவர்களிலும் கைதட்டியவர்கள் இருந்தார்கள். மேடை ஏறினால் தமிழரும் முஸ்லிம்களும் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்கிறோம். இரண்டு பக்கத்திலும் தாய்வழிக் குடிமுறை இருக்கிறது, பேச்சு ஒன்று, சமையல் ஒன்று. இவ்வளவும் ஒன்றாக இருந்தும் ஒரு ஆசிரியையின் உடுப்பு நமக்குத் தாங்கவில்லை என்றால் பிரான்ஸைக் குறை சொல்ல நமக்கு வாய் எழும்பக் கூடாது.

கேள்வி: பிரான்ஸில் எந்தப் படிவத்திலும் இனம் என்ற கட்டமே இல்லையாமே! இங்கே பிறப்புச் சான்றிதழிலேயே இனத்தை எழுதி, சாகும்வரை அதை வைத்துத்தானே எல்லாம். அந்த முறை இங்கேயும் வந்தால் நல்லதுதானே?
ஒரு வாசகர், கல்முனை

பதில்: நல்ல ஆசை. அந்தக் கட்டம் அங்கே ஏன் இல்லாமல் போனது என்பதில் ஒரு கொடுமையான கதை இருக்கிறது. 1940 இல் ஜெர்மன் படை பாரிஸைப் பிடித்ததும் யூதர்கள் எல்லோரும் பொலிஸில் பதிய வேண்டும் என்று உத்தரவு. பாரிஸ் பொலிஸ் அந்தப் பதிவுகளைப் பெயர், விலாசம், தொழில், எந்த நாட்டுப் பிரசை என்று பிரித்து அட்டை அட்டையாக அடுக்கி வைத்தது. நல்ல ஒழுங்கான வேலை. 1942 இல் ஆட்களைப் பிடிக்கப் போனவர்கள் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டுதான் போனார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடு தேடி வந்தது நமக்கு நினைவிருக்கும். ஒரு பட்டியல் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1958 அரசியலமைப்பின் முதல் உறுப்பே, பிறப்பு, இனம், மதம் பாராமல் எல்லாப் பிரசைகளும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 1978 இல் வந்த தரவுச் சட்டம் ஒருவரின் இனம், மதம் பற்றிய தகவலைத் திரட்டுவதை மிகவும் இறுக்கியது. குடிசன மதிப்பீட்டில் அந்தக் கேள்வியே கிடையாது. இதுவரைக்கும் நானும் உங்களோடு நிற்கிறேன்.

அதற்கு அடுத்த அடியில்தான் பிழைக்கிறது. சிறுபான்மையினர் தம் மொழியை, மதத்தை, பண்பாட்டைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்கிற 27 ஆவது உறுப்பு ஒன்று ஐ.நா.வின் குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இருக்கிறது. 1980 இல் அந்த உடன்படிக்கையில் சேரும்போதே பிரான்ஸ், அந்த உறுப்பு எங்களுக்குப் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது. எல்லோரும் பிரெஞ்சுக்காரர், அதனால் சிறுபான்மை என்று தனியாக யாரும் இல்லை, இதுதான் அவர்களின் வாதம். கணக்கெடுக்காவிட்டால் பாகுபாடும் இல்லாமல் போய்விடுமா? 2005 ஒக்டோபரில் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் பொலிஸுக்குப் பயந்து மின்சார நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு பொடியன்கள் கரண்ட் அடித்துச் செத்தார்கள். அதற்குப் பிறகு மூன்று வாரம் நாடு முழுவதும் கார்கள் எரிந்தன. அரசு அவசரகால நிலை போட எடுத்தது, அல்ஜீரியப் போருக்காக 1955 இல் எழுதிய சட்டத்தை. அந்தப் பிள்ளைகள் யாருடைய பிள்ளைகள் என்று குடிசன மதிப்பீட்டுக்குத் தெரியாது, பொலிஸுக்குத் தெரிந்திருந்தது.

அம்பாறை மாவட்டத்தில் முஸ்லிம்கள், சிங்களவர், தமிழர் என்ற அந்த வரிசை எத்தனை பேரின் நித்திரையைக் கெடுக்கிறது என்று கல்முனையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரதேச செயலகம் தொடங்கி எல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் இழுபடுகிறது. ஆனால் நாளைக்கே அந்தக் கட்டத்தை அழித்துவிட்டால், காணி யாருக்குக் கிடைத்தது, அரச வேலை யாருக்குக் கிடைக்கவில்லை என்று காட்ட நம்மிடம் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது. பிறப்புச் சான்றிதழிலும் அடையாளம் காட்டுகிற எந்தத் தாளிலும் இனம் வேண்டாம். பெயர் இல்லாத மொத்தக் கணக்கில் இருக்கட்டும். இதுதான் என் நிலை.

கேள்வி: நான் மட்டக்களப்புப் பறங்கியர். என் பாட்டி பேசின போர்த்துக்கேயப் பேச்சு எனக்கு நாலைந்து பாட்டு மட்டும்தான் தெரியும். பிரான்ஸில் சின்ன மொழிகளை எப்படி வைத்திருக்கிறார்கள்?
ஒரு வாசகர், மட்டக்களப்பு நகர்

பதில்: உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இதற்கு பாரிஸ் நல்ல முன்மாதிரி இல்லை, தம்பி.

1794 இல், புரட்சி நடந்து ஐந்தாம் வருடம், அபே கிரெகுவார் என்ற பாதிரியார் பாரிஸில் சபைக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். நாட்டில் பிரெஞ்சைச் சுத்தமாகப் பேசுகிறவர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர்தான், மற்றப் பேச்சுகளை இல்லாமல் ஆக்க வேண்டும் என்பது அதன் சாரம். அவர் கெட்ட மனிதரும் இல்லை. யூதர்களின் உரிமைக்காகவும், கறுப்பர்களை அடிமைகளாக வைத்திருப்பதற்கு எதிராகவும் போராடியவர். அவ்வளவு நல்லவருக்கும் எல்லோரும் சமம் என்றால் எல்லோரும் ஒரே மொழி என்றுதான் பட்டது. பிறகு பிரிட்டனி பக்கத்துப் பாடசாலைகளில் பிரெத்தோன் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு கட்டையையோ பழைய சப்பாத்தையோ கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்ததாக எந்தப் பிள்ளை வாய் தவறித் தாய்மொழியில் பேசுகிறதோ அதைக் காட்டிக்கொடுத்தால் கட்டை அந்தப் பிள்ளையின் கழுத்துக்கு மாறும். பின்நேரம் யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. கூட்டாளியைக் காட்டிக்கொடுக்கச் சொல்லிக்கொடுத்த அந்த முறையை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

1951 இல் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் நாலையும் பாடசாலையில் படிப்பிக்க இடம் கொடுத்தார்கள். சிறு மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் 1999 இல் கையெழுத்து வைத்தார்கள், அது அரசியலமைப்புக்கு முரண் என்று அவர்களின் அரசியலமைப்புச் சபை சொன்னதோடு அப்படியே கிடப்பில் கிடக்கிறது.

1956 இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்ததை நாம் மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம். ஆனால் உங்கள் பாட்டியின் பேச்சுக்கு மட்டக்களப்பில் தமிழர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? 17 ஆம் நூற்றாண்டில் இருந்து இந்த வாவிக் கரையில் இருக்கிற மக்கள். தச்சு வேலையிலும் இரும்பு வேலையிலும் நம் ஊரையே கட்டிக் கொடுத்தவர்கள். அவர்களின் பேச்சுக்குப் பாடசாலையில் இடம் இருக்கவில்லை, நமக்கு அது ஒரு விசயமாகவே படவில்லை. வாகரைப் பக்கத்து வேடர்களுக்கும் இதே கதைதான். நகர நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ வாரம் ஒரு வகுப்பு வைக்கப் பெரிய பணம் தேவையில்லை. பேசத் தெரிந்த வயதானவர்கள் இருக்கும்போதே செய்ய வேண்டும். நீங்கள் தொடங்கினால் விளம்பரத்தை இந்தப் பக்கத்தில் இலவசமாகப் போடுகிறேன், முதல் வகுப்புக்கு நானும் வருகிறேன்.

கேள்வி: மகன் பாரிஸ் போகப் போகிறார். அக்கா வீடு லா கூர்னேவில் இருக்கிறது. என்ன புத்தி சொல்லி அனுப்ப?
ஒரு வாசகி, திருக்கோவில்

பதில்: மொழி. பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இறங்கினால் முருங்கைக்காயில் இருந்து தாலிக்கொடி வரை தமிழிலேயே வாங்கிவிடலாம், பிள்ளையார் தேர் ஓடும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைபடும், அதனால் பிரெஞ்சு இல்லாமலே பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்று தோன்றும். ஓட்டிவிடவும் முடியும், அதுதான் ஆபத்து. குடியுரிமைக்குக் கேட்கிற மொழி மட்டத்தை 2024 இல் வந்த சட்டம் இன்னும் உயர்த்திவிட்டது, 2026 முதல் பி2, அதாவது ஓரளவு சரளமாகப் பேச, எழுதத் தெரிகிற மட்டம். அந்த ஊர் மற்றதில் எப்படியோ, தன் மொழியை நன்றாகக் கையாளுகிறவருக்குக் கொஞ்சம் வழி விடும். பிரெஞ்சு மொழிக்குக் காவல் என்று 1635 இல் தொடங்கிய அகாதமியில் 40 இருக்கைதான், செனகலில் பிறந்த கவிஞர் செங்கோரை அதில் ஒன்றுக்கு 1983 இல் தெரிவு செய்தார்கள். போய் இறங்குகிற கிழமையே வகுப்பில் சேரச் சொல்லுங்கள், வேலை கிடைத்த பிறகு என்று விட்டால் நடக்காது.

கேள்வி: 1990 இல் தம்பியைக் கொண்டுபோனார்கள். இன்னும் பதில் இல்லை. பெரிய நாடுகளாவது தாங்கள் செய்ததை ஒத்துக்கொண்டிருக்கிறதா?
ஒரு வாசகி, வாழைச்சேனை

பதில்: பிரான்ஸ் ஒத்துக்கொண்டது அக்கா, ஆனால் மிகவும் பிந்தி.

மேலே சொன்ன அட்டைகளை வைத்து 1942 ஜூலை 16, 17 இரண்டு நாளில் பாரிஸிலும் சுற்றுப்புறத்திலும் 13,152 யூதர்களைப் பிடித்தார்கள். அதில் 4,115 பேர் பிள்ளைகள். வீடு வீடாகப் போனது ஜெர்மன்காரர் இல்லை, பிரெஞ்சுப் பொலிஸ். குடும்பங்களை சைக்கிள் பந்தய மைதானம் ஒன்றில் அடைத்தார்கள், பிறகு ரயிலேற்றினார்கள். இதைச் செய்தது பிரான்ஸ் என்று ஒரு ஜனாதிபதி வாய் திறந்து சொல்ல 1995 வரை ஆனது, சிராக் சொன்னார்.

அடுத்தது 1961 ஒக்டோபர் 17. அல்ஜீரியர்கள் இரவில் வெளியே வரக் கூடாது என்று பாரிஸ் பொலிஸ் உத்தரவு போட, அதை எதிர்த்து குடும்பம் குடும்பமாக ஊர்வலம் வந்தார்கள். சுட்டார்கள், அடித்தார்கள், செய்ன் ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். முதலில் ஒன்றிரண்டு சாவு என்று அரசு கணக்குச் சொன்னது. வரலாற்றாசிரியர்களின் கணக்கோ பல பத்தில் தொடங்கி இருநூறு வரை போகிறது. அன்று பாரிஸ் பொலிஸின் தலைவராக இருந்த மொரிஸ் பப்போன், போர்க்காலத்தில் போர்தோவில் இருந்து யூதர்களை அனுப்பிவைத்த அதே அதிகாரி. யூதர்கள் விசயத்தில் அவருக்கு 1998 இல் தண்டனை கிடைத்தது. 1961 க்கு யாருக்கும் கிடைக்கவில்லை. 2001 இல் மாநகர சபை சென் மிஷேல் பாலத்தின் பக்கத்தில் செத்தவர்கள் நினைவாக ஒரு பலகை பதித்தது. நாட்டின் ஜனாதிபதி ஒத்துக்கொண்டது 2012 இல்.

நடுவில் நடந்த ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்த இரவைப் பற்றி எழுதிய ஆய்வாளர் ஒருவர் மீது பப்போன் அவதூறு வழக்குப் போட்டார். 1999 இல் அந்த வழக்கில் பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் வேலை செய்த இரண்டு பேர், அல்ஜீரியர்களின் சாவு பதிவான தாள்கள் எங்களிடம் இருக்கின்றன, நாங்கள் கண்டோம் என்று சாட்சி சொன்னார்கள். பப்போன் தோற்றார். அந்த இரண்டு பேரையும் காப்பகம் வேலையில் ஓரங்கட்டியது, வருடக் கணக்காக. அந்தப் பெரிய நகரம் தன் குற்றத்தை ஒத்துக்கொள்ள வைத்ததில் பாதி, யாரோ ஒரு கிளார்க் முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னே எழுதி வைத்த சாதாரணப் பதிவுகள்.

அதனால் அக்கா, தம்பியின் முழுப் பெயர், பிறந்த திகதி, கொண்டுபோன இடம், நேரம், எந்த வாகனம், கூட யாரைப் பிடித்தார்கள், கடைசியாக யார் கண்டது, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். கண்டவர்கள் உயிரோடு இருந்தால் அவர்களைக் கொண்டும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் காலத்து முறைப்பாட்டுத் துண்டுகள் மங்கிப்போகும், போனில் படம் எடுத்து பிள்ளைகளுக்கு அனுப்பி, ஒரு பிரதியை வேறு ஒரு வீட்டில் வையுங்கள். எழுதித்தர ஆள் இல்லையென்றால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி போடுங்கள், நானே வாழைச்சேனைக்கு வந்து எழுதித் தருகிறேன்.